கிழிந்த பையைத் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் 34 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான்.

ஏழு மாதங்களுக்கு முன்பு 32,000 ரூபாய்க்கு மாதத் தவணையில் ஒரு போன் வாங்கினார். கடையிலேயே 2,499 ரூபாய்க்கு ஓர் இன்சூரன்சும் எடுக்க வைத்தார்கள். "உடைந்தாலும் திருடு போனாலும் கவலையே இல்லை மேடம்" என்று விற்பனையாளர் சொன்னதை நம்பியிருக்கிறார். சென்ற மாதம் மதுரையிலிருந்து திருப்பூருக்கு அரசுப் பேருந்தில் திரும்பும்போது நல்ல கூட்டம். பாதித் தூரம் நின்றுகொண்டே பயணம். இரவு 11 மணிக்கு இறங்கிக் கைப்பையைத் திறந்தால் போன் இல்லை. ஜிப் மூடியபடியே இருக்கிறது. பையின் அடிப்பக்கம் பிளேடால் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிக்கப்பட்டிருக்கிறது.

மறுநாள் காலை பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அங்கே எழுதிக் கொடுத்த சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதில் "பேருந்துப் பயணத்தின்போது செல்போனைத் தவறவிட்டுவிட்டதாக" என்று இருக்கிறது. அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நான்காம் நாள்தான் தகவல் சொல்ல முடிந்தது. தகவலை இமெயிலில் அனுப்ப வேண்டும், இமெயிலைத் திறக்க ஓ.டி.பி. வேண்டும், ஓ.டி.பி. வர சிம் வேண்டும், சிம்தான் போய்விட்டதே. மூன்று வாரம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. மூன்று காரணங்கள்: வலுக்கட்டாயமோ வன்முறையோ இல்லாத திருட்டும் தொலைதலும் பாலிசியில் அடங்காது, 48 மணி நேரத்துக்குள் தகவல் தரவில்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை.

"ரெண்டு பேர் பைக்கில் வந்து பறிச்சிட்டுப் போனாங்கன்னு புதுசா ஒரு கம்ப்ளைன்ட் எழுதிக் குடு, பணம் வந்துரும்" என்கிறாராம் அண்ணன். "விட்டுத் தொலை" என்கிறார் கணவர். போனே இல்லாதபோது தவணையை ஏன் கட்ட வேண்டும் என்பது இவருடைய கேள்வி. கடைசியில், மாமனாரின் போனில் திரை உடைந்திருப்பது பற்றியும் இரண்டு வரி.

சகோதரி, உங்கள் கடிதத்தோடு அனுப்பிய பாலிசிச் சான்றிதழையும் மறுப்புக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். இதை இப்போதே விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பலம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அங்கே அது இல்லை. கடிதம் முழுக்கப் போலீஸ் ரசீதில் எழுதியதைப் பற்றியே வருந்தியிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "கடையில் இந்த ஒரு தாள்தான் கொடுத்தார்கள், வேறு எதுவும் வரவில்லை." அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அண்ணன் சொன்னதை முடித்துவிடுவோம்.

அண்ணன் சொல்லும் வழி வேண்டாம்

அவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். இருந்தாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். நடக்காத வழிப்பறியை நடந்ததாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது, அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் தரும் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். அந்தப் பொய்ப் புகாரை வைத்துப் பணம் கேட்டால் மோசடிக் குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

சட்டத்தை விடுங்கள், நடைமுறையாகவே யோசித்துப் பாருங்கள். உங்கள் முதல் சி.எஸ்.ஆர். நிறுவனத்தின் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. கால் சென்டரில் நீங்கள் பேசியதும் பதிவாகியிருக்கும். இரண்டாவதாக ஒரு புதுக் கதை போனால், அதுவரை "தகுதியில்லாத கோரிக்கை" என்று இருந்தது "பொய்க் கோரிக்கை" ஆகிவிடும். பொய்க் கோரிக்கைக்கு எந்த மன்றத்திலும் பணம் கிடைக்காது. உண்மையில் நடந்ததே உங்களுக்குச் சாதகமாக இருக்கும்போது எதற்காக இன்னொன்றைக் கட்ட வேண்டும்?

கிழிந்த பை என்ன சொல்கிறது

பாலிசியில் "திருட்டு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் எல்லாத் திருட்டுக்கும் பணம் வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போன் பாலிசிகள் பலவற்றில் பூட்டை உடைத்து நடந்த திருட்டும், அடித்தோ மிரட்டியோ பறித்ததும் மட்டும்தான் அடங்கும். டீக்கடை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் காணோம், சட்டைப் பையிலிருந்து நழுவியது, எங்கே போனது என்றே தெரியவில்லை என்பதெல்லாம் வெளியே. நீதிமன்றங்களும் இந்த விஷயத்தில் கறாராகத்தான் இருந்திருக்கின்றன. பாலிசியில் பலப்பிரயோகம் என்று எழுதியிருந்தால், பலப்பிரயோகம் இல்லாத திருட்டுக்குப் பணம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே ஒரு கொள்ளைக் காப்பீட்டு வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே நிறுவனம் முதல் காரணத்தை வானத்திலிருந்து பிடித்து எழுதவில்லை.

ஆனால் உங்கள் போன் பையிலிருந்து நழுவி விழவில்லை. ஜிப் போட்டு மூடிய பையை ஒருவன் ஆயுதத்தால் அறுத்து எடுத்திருக்கிறான். ஆளின் மேல் கை வைத்தால்தான் வன்முறையா, மூடிய பையை அறுப்பது வலுக்கட்டாயம் ஆகாதா என்று கேட்க இடம் இருக்கிறது. காப்பீட்டு ஒப்பந்தத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வருமானால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவும் வாங்கியவருக்கு ஆதரவாகவும் படிக்க வேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட விதி. வெல்வோம் என்று இந்த ஒரு வாதத்தை மட்டும் வைத்து உறுதி சொல்ல மாட்டேன். எதிர்த்தரப்பும் பேசக்கூடிய விஷயம்தான்.

அந்த வாதத்துக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பை. அதைத்தான் நீங்கள் பின் குத்தி இன்னும் வேலைக்கு எடுத்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள்! இன்றே நிறுத்துங்கள். தைக்கக் கொடுக்காதீர்கள், துவைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் நான்கைந்து படம் எடுங்கள்: முழுப் பை, கிழிசலின் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒன்று, உள் துணியும் அறுபட்டிருந்தால் பையைப் புரட்டி ஒன்று. நூல் பிரிந்தால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும், பிளேடு பட்டால் நேர்கோடாக இருக்கும். அந்த வித்தியாசம் படத்தில் தெரிய வேண்டும். பிறகு பையை ஒரு கவரில் போட்டுப் பீரோவில் வையுங்கள். பேருந்து டிக்கெட் இருந்தால் அதையும் உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிப்போகும்.

போலீஸ் ரசீதை எப்படிச் சரிசெய்வது

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீதுதான். வழக்குப் பதிவு செய்ததற்கான அத்தாட்சி ஆகாது. அதில் "தவறவிட்டதாக" என்று எழுதினால் நிலையத்துக்கு வேலை குறைவு, அவ்வளவுதான். திருட்டு என்றால் வழக்குப் பதிய வேண்டும், விசாரிக்க வேண்டும், மாதக் கணக்கில் வழக்கு நிலுவையில் நிற்கும். நீங்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் போய் நின்றிருப்பீர்கள், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது ஆச்சரியமில்லை.

இதை மாற்ற முதல் புகாரை மறைக்கவோ கிழிக்கவோ வேண்டாம். அதே நிலையத்தில், அதே சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கூடுதல் மனு கொடுங்கள். நீளமாக வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி இருந்தால் போதும்:

"மேற்படி எண்ணில் நான் கொடுத்த மனு தொடர்பாக. என் செல்போன் தானாகத் தவறி விழவில்லை. ஜிப் மூடப்பட்டிருந்த என் கைப்பையின் அடிப்பகுதி கூரிய பொருளால் அறுக்கப்பட்டு, அதன் வழியாக எடுக்கப்பட்டுள்ளது. இதை நான் பேருந்திலிருந்து இறங்கிய உடனே கண்டேன். அறுபட்ட பை என்னிடம் உள்ளது. அதன் புகைப்படங்களை இணைத்துள்ளேன். ரசீதில் 'தவறவிட்டதாக' என்று உள்ளது நடந்ததற்குப் பொருத்தமாக இல்லை. திருட்டு வழக்காகப் பதிவு செய்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

யார் திருடியது, எந்த ஊரில் திருடியது என்று ஊகித்து ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். போனின் ஐ.எம்.இ.ஐ. என்ற தனி அடையாள எண்ணையும் சேருங்கள், அது பில்லிலும் போன் வந்த பெட்டியிலும் இருக்கும்.

"பஸ் எந்த ஊர் எல்லையில் போகும்போது நடந்ததோ, அங்கே போய்க் கொடுங்கள்" என்று சொல்லக்கூடும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட பொருளின் திருட்டு, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பதிய மறுத்தால் மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், நகர எல்லை என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு. தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) போகலாம். உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகாது என்று நினைக்கிறேன். வார்த்தையில் பணிவும் கையில் எழுத்து மனுவும் இருந்தால் பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே வேலை நடந்துவிடும்.

நான்கு நாள் தாமதம்

இந்த இரண்டாவது காரணத்துக்கு நீங்கள் இவ்வளவு பயப்பட வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2011 செப்டம்பரிலேயே எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. தகவல் தாமதமாக வந்தது என்பதை மட்டும் இயந்திரத்தனமாகப் பிடித்துக்கொண்டு உண்மையான கோரிக்கையை மறுக்கக் கூடாது, தவிர்க்க முடியாத காரணம் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். வாகனத் திருட்டு வழக்குகளில் இந்தக் கேள்விக்கு முன்னுக்குப் பின் முரணான தீர்ப்புகள் இருந்தன. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தீர்த்து வைத்தது: போலீசுக்கு உடனே சொல்லியிருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டி மறுக்க முடியாது. அது வாகனப் பாலிசி பற்றிய தீர்ப்புதான். ஆனாலும் போன் திருட்டுக்கும் அதே நியாயத்தைத் தாராளமாக எடுத்துச் சொல்லலாம்.

நீங்கள் 12 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் நின்றிருக்கிறீர்கள். டூப்ளிகேட் சிம் எந்தத் தேதியில் கிடைத்தது என்பதற்குத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ரசீதோ குறுஞ்செய்தியோ இருக்கும். சிம் மாற்றிய பிறகு குறுஞ்செய்தி வசதி திரும்ப வரவே ஒரு நாள் ஆகலாம். இந்தத் தேதிகளை வரிசையாக எழுதிக் கொடுத்தாலே தாமதத்துக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

மூன்றாவது காரணம், எஃப்.ஐ.ஆர். இல்லை என்பது. ஆவணம் குறைகிறது என்பதற்காகக் கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று பொதுக் காப்பீட்டுக்கான 2024 ஜூன் மாத முதன்மைச் சுற்றறிக்கை சொல்கிறது. கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்தால் இந்தப் பேச்சே எழாது.

அந்த ஒரு தாள்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது முன்னும் பின்னும் அச்சிட்ட ஒரு சான்றிதழ். முன்பக்கம் உங்கள் பெயர், போன் மாடல், ஐ.எம்.இ.ஐ., "திருட்டு மற்றும் தற்செயல் சேதம்" என்ற வரி. பின்பக்கம் தேய்மான அட்டவணை. கடைசியில் பொடி எழுத்தில் "முழு நிபந்தனைகளுக்கு முதன்மைப் பாலிசியைப் பார்க்கவும்". மறுப்புக் கடிதம் காட்டும் "வலுக்கட்டாயம் இல்லாத திருட்டு அடங்காது" என்ற நிபந்தனை இந்தத் தாளின் எந்த மூலையிலும் இல்லை. அது உங்களுக்குத் தரப்படாத முதன்மைப் பாலிசியில் இருக்கிறது.

2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாரத் வாட்ச் கம்பெனி வழக்கு கிட்டத்தட்ட உங்கள் கதைதான். அங்கேயும் கொள்ளைக் காப்பீடு. பூட்டை உடைத்து வந்த அடையாளம் இல்லை என்று சொல்லி நிறுவனம் பணம் தர மறுத்தது. அந்த நிபந்தனை அடங்கிய தாளே எங்களுக்குத் தரப்படவில்லை என்றார்கள் பாலிசிதாரர்கள். வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்தாத விலக்கு நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொல்லி, பாலிசிதாரர் பக்கம் நின்றது. 2000ஆம் ஆண்டிலும் இதே கருத்தில் ஒரு தீர்ப்பு உண்டு.

நிபந்தனைகளைக் கொடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் வேலை. "இமெயிலில் லிங்க் அனுப்பினோம்" என்று சொல்வார்கள், அதை எதிர்பார்த்தே இருங்கள். வாங்கிய நாளிலிருந்து உங்கள் இமெயிலைத் தேடிப் பாருங்கள், ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து. அப்படி ஒன்று உண்மையிலேயே வந்திருந்தால் மறைக்காமல் எனக்கு எழுதுங்கள், வாதத்தை வேறு விதமாக அமைக்க வேண்டியிருக்கும். வரவில்லை என்றால் இதுதான் உங்கள் முதல் வாதம். பை இரண்டாவது, தாமதத்துக்கான விளக்கம் மூன்றாவது. கடிதத்தில் இந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

விற்பனையாளர் வாய்வழியாகச் சொன்னதை நம்பி ரொம்ப தூரம் போக முடியாது. எழுத்தில் இல்லாததை நிரூபிப்பது கஷ்டம். ஆனால் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் விளம்பரப் படமோ செய்தியோ வந்திருந்தால் அது வேறு கதை. பழைய அரட்டைகள் பேக்கப்பில் இருக்கிறதா பாருங்கள்.

எங்கே போவது

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். கால் சென்டருக்குப் போன் செய்வது கணக்கில் வராது. எழுத்தில், இமெயிலில், மேலே சொன்ன மூன்று வாதங்களோடும் படங்களோடும். கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஆணையம் தானே தீர்ப்பு சொல்லாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கும். அதற்கே சில கோப்புகள் மறுபடி திறக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுபடியும் மறுப்பு என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் முடியாது. (என் தொழிலுக்கு எதிராக நானே சொல்கிறேன்!) ஒரே முதன்மைப் பாலிசியின் கீழ் பலரைச் சேர்க்கும், உங்களுடையது போன்ற குழுக் காப்பீட்டுக்கும் அவரிடம் போகலாம். நிறுவனத்தின் மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், 30 நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும்.

மற்றொரு வழி திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் கவலையில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு காலக்கெடு. பாலிசிப் பணத்தோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் கேட்கலாம், விற்ற கடையையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். ஆனால் வாய்தா மேல் வாய்தாவாக ஓராண்டுக்கு மேல் இழுப்பது சாதாரணம்.

ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் நிற்க முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மன் எடுக்க மாட்டார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் ஆம்புட்ஸ்மனிடம் போவேன். தோற்றாலும் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கும். இரண்டு ஆண்டு காலக்கெடுவை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 32,000 முழுதாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். வராது. உங்கள் சான்றிதழின் பின்பக்க அட்டவணைப்படி ஏழாவது மாதத்தில் தேய்மானம் 30 சதவீதம், அதாவது 9,600 ரூபாய். மீதி 22,400. அதில் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு 1,000 போனால் 21,400 ரூபாய். இதுதான் நீங்கள் சண்டை போடும் தொகை. கணவர் "விட்டுத் தொலை" என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. இதற்காக வேலைக்கு லீவு போட்டு அலைவதென்றால் கட்டாது. ஆனால் இரண்டு இமெயில், ஒரு கூடுதல் மனு, பிறகு ஆம்புட்ஸ்மனுக்கு ஒரு விண்ணப்பம் என்பது 21,400க்காகச் செய்யக்கூடிய வேலைதான். நுகர்வோர் ஆணையம் வரை போவதா என்பதை அந்தக் கட்டத்தில் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

தவணையும் ஐ.எம்.இ.ஐ.யும்

தவணையை நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தவருக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் தனி, இன்சூரன்ஸ் தனி. போன் இல்லை என்பதால் கடன் தீராது. நிறுத்தினால் அபராதக் கட்டணமும் ஏறும், சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது இந்தப் போன்தான் குறுக்கே வந்து நிற்கும்.

போனை இன்னும் முடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், முடக்கினால் போலீஸ் கண்டுபிடிக்க முடியாது என்று அண்ணன் சொன்னதால். இதிலும் அண்ணன் தவறு. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சி.இ.ஐ.ஆர். வசதியில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கினால் 24 மணி நேரத்துக்குள் இந்தியாவின் எல்லா நெட்வொர்க்கிலும் அந்தப் போன் செல்லாக்காசாகிவிடும். யாராவது அதில் சிம் போட்டால் அந்தத் தகவல் பதிவாகிப் போலீசுக்குக் கிடைக்கும். போலீஸ் ரசீதின் நகல், பில், அடையாள அட்டை, ஓ.டி.பி. வர அதே எண்ணில் புது சிம், இவ்வளவுதான் வேண்டும். முடக்கியதற்கான கோரிக்கை எண் உங்கள் இன்சூரன்ஸ் கோப்புக்கும் நல்ல ஆதாரம். போனை விற்றுவிட்டுத் திருட்டு என்று சொல்பவர் அதை முடக்க மாட்டார் அல்லவா? பணம் கிடைத்த பிறகு போனும் கிடைத்துவிட்டால் நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும், நைசாக வைத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் கூகுள் கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்காதீர்கள். "உங்கள் தொலைந்த போன் கண்டுபிடிக்கப்பட்டது, இந்த லிங்கை அழுத்தவும்" என்று செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். திருடியவன் பூட்டைத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்டு விரிக்கும் வலை அது. வங்கிக் கணக்கில் எதுவும் போகவில்லை என்பது நிம்மதி. போயிருந்தால் முதல் வேலை, இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் செய்வது.

மாமனாரின் போன்

நீங்கள் அனுப்பிய இரண்டாவது தாளில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரே இல்லை, ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பதிவு எண்ணும் இல்லை. அது இன்சூரன்ஸ் கிடையாது, கடைக்காரரின் "திரைப் பாதுகாப்புத் திட்டம்", ஒரு சேவை ஒப்பந்தம். ஆகவே ஆம்புட்ஸ்மனிடமோ பீமா பரோசாவிலோ போக முடியாது. தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு நுகர்வோர் ஆணையம்.

தகராறு வராமல் பார்த்துக்கொள்ளலாம். தெருமுனைக் கடையில் டெம்பர்டு கிளாஸ் மாற்றியதில் பிரச்சினை இல்லை. டிஸ்ப்ளேவில் மட்டும் வெளியே யாரும் கை வைக்கக் கூடாது. போனை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள், திட்டக்காரர் ஒப்புதல் தந்த பிறகே பழுது பார்க்கச் சொல்லுங்கள். முதலில் செலவழித்துவிட்டுப் பில்லை நீட்டுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. அந்தப் போன் போன வருடம் வாரன்டியில் மதர்போர்டு மாற்றப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மதர்போர்டு மாறினால் பெரும்பாலும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் மாறிவிடும். போனில் *#06# அழுத்தி வரும் எண்ணையும் பில்லில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால், பழைய எண், புது எண் இரண்டையும் குறிப்பிட்டு சர்வீஸ் சென்டரிடம் ஒரு கடிதம் வாங்கிய பிறகே கோரிக்கையைக் கொடுங்கள். இல்லையென்றால் "இது எங்கள் திட்டத்தில் உள்ள போனே இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.